ஹரிராம் செருமிய இடங்கள்

என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி கோல்ப் விளையாடுவார் என்று சொன்னால் எங்கள் மதுரைக் கோச்சடையில் முக்கால்வாசிப் பேருக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. மின்சார ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பேரையூர்ப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்ட மனிதர் வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கையுறையும் இடது கைக்கு மட்டும்தான். இன்னொன்றைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் பீரோவுக்கு அடியிலெல்லாம் தேடி, இந்த வயதிலும் ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லையே என்று ஏசியும் விட்டேன். ஒரு கைக்குத்தான் போடுவார்களாம்.

திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகிற பாதையில், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் தன் மானாவாரி நிலத்தில் ஒன்பது குழி வெட்டி மைதானம் போட்டிருக்கிறார். டிவியில் காட்டுகிற பச்சைப் புல்வெளியை நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வெடித்த கரிசல் தரை, சுற்றிலும் வேலிக்கருவை, மழை பெய்த மாதத்தில் மட்டும் கொஞ்சம் புல். குழியைச் சுற்றிப் பந்தை உருட்டுவதற்காக மணலில் பழைய ஆயிலைக் கலந்து வட்டமாகக் கொட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பிரவுன் என்று பெயர். ஆடி முடித்தவர் ஒரு சாக்கை இழுத்துத் தன் கால்தடத்தை அழித்துவிட்டு வர வேண்டும். அங்கே மோட்டார் எரிந்துபோய்விட்டது என்று பார்க்கப் போன இடத்தில் யாரோ இவர் கையில் கம்பைக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பந்து பறந்துவிட்டது. இவரும் அதோடு போய்விட்டார்.

ஹரிராம் அண்ணன் அங்கேதான் பழக்கம். சௌராஷ்டிரக்காரர், மதுரைக்குள் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். காரணம் இல்லாமல் நடப்பது வியாபாரிக்கு ஒத்துவருமா? பந்துக்குப் பின்னால் நடக்கலாம் என்று வந்து சேர்ந்தவர். வீட்டில் சீதாக்காவோடு, அதாவது அவர் மனைவி சீதாலட்சுமியோடு, அவர்கள் பாஷையில் படபடவென்று பேசுவார். எங்களோடு தமிழில் நிதானமாகப் பேசுவார். கோபம் என்பதே கிடையாது. ஏதாவது சரியில்லை என்று பட்டால் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். கடையாள் துணியை அளவு குறைத்துக் கிழித்தால் ஒரு செருமல். நான் காப்பியில் சீனியை அள்ளிப் போட்டால் ஒரு செருமல். அதைக் கேட்டதும் எதிரில் இருக்கிறவருக்குத் தானாகவே கை நின்றுவிடும்.

இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது. பந்தைக் குழியில் விழத்தட்ட எத்தனை அடி ஆயிற்று என்று அவரவர்தான் எண்ண வேண்டும். குறைவாக அடித்தவர் கெட்டிக்காரர். கை தேராதவர் கெட்டிக்காரரோடு ஆட வேண்டுமென்றால் அவருக்குச் சில அடிகளைத் தள்ளுபடி செய்வார்கள். அந்தத் தள்ளுபடிதான் ஹேண்டிகேப். பழைய கார்டுகளை வைத்து அது கணக்காகும். ஆகவே, அடிக்காத அடியையும் கார்டில் கூட்டி எழுதி, தள்ளுபடியை ஏற்றிக்கொண்டு, போட்டி நாளில் மட்டும் ஒழுங்காக ஆடிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மாடி வீட்டுக்காரன் வருமானத்தைக் குறைத்துக் காட்டி ரேஷன் கார்டு வாங்குகிற கதைதான். இதற்காகத்தான் கூட ஆடுகிறவர் மார்க்கராக இருந்து, எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இவர் கார்டில் ஹரிராம் அண்ணன் கையெழுத்து, அவர் கார்டில் இவர் கையெழுத்து. வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

இவருக்கு நேர்மை ஒரு வியாதி மாதிரி. ரோட்டில் ஈ காக்கை இல்லாத மத்தியானத்திலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து ஏசுவான், நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தான் நேர்மையாக இருந்தால் போதாது, அடுத்தவரையும் பிடித்து உலுக்க வேண்டும். அந்தக் குணம்தான் எங்களுக்கு வினையாக வந்தது.

பீமாராவ் என்று ஒருவர், பேங்க் அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர், சாது. ஒருநாள் புதரோரம் அவர் காலில் பட்டுப் பந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அதற்கு ஒரு அடி தண்டம். அவர் கவனிக்கவில்லையோ, கவனித்தும் விட்டுவிட்டாரோ, எழுதவில்லை. என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. டீ குடிக்கிற கொட்டகையில் அத்தனை பேருக்கும் நடுவில், பேங்கிலும் இப்படித்தான் கணக்கு எழுதினீர்களா என்று கேட்டுவிட்டார். பீமாராவ் முகத்தில் ஈயாடவில்லையாம். ஹரிராம் அண்ணன் இரண்டு தடவை செருமியிருக்கிறார். இவர் நிறுத்தவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஹரிராம் அண்ணன் இவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். தன் தெருமுனையில் இறங்கி, செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, "பாண்டி, இன்னைக்கு உன் கணக்குலயும் ஒண்ணு விட்டுப்போச்சு," என்றிருக்கிறார்.

எங்கே என்று இவர் கேட்டதற்கு, "நீ இப்பக் கோவத்துல இருக்க. நாளைக்குச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விடிந்தபோது அவர் இல்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. சீதாக்கா போன் பண்ணியபோது நான்தான் எடுத்தேன். இவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். சொன்னதும் இவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "எங்கன்னு சொல்லாமப் போயிட்டானே," என்றார். எனக்கு அந்த நேரத்தில் அவர் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. பிணத்தைத் தூக்கும்போது தோள் கொடுத்தார். அப்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி பெயரைச் சொல்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் முந்தின நாள் ஆட்டத்தை முதல் குழியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதன் பிறகு வீட்டில் நிம்மதி போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றை ஒன்பது குவியலாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குவியலிலும் விரலால் குத்திக் குத்தி எண்ணுவார். குழம்பு ஆறிப்போகும். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எழுந்து நின்று கையை ஓங்கிப் பார்ப்பார். எங்கள் மகள் காவ்யஸ்ரீ கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினால் பாதிப் பேச்சில் இவர் வேறெங்கோ போய்விடுவார். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல? செத்தவர் ஒரு அடியைச் சொல்லாமல் போய்விட்டார், அதைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருப்பாள்.

மைதானத்துக்குத் தனியாகப் போக ஆரம்பித்தார். கூட ஆட யாரும் வரவில்லை. பீமாராவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு யார் வருவார்கள்? ஆள் குறைவான இடம் என்பதால், மார்க்கர் இல்லாமல் தனியே ஆடியவர்களின் கார்டையும் மைதானத்துக்காரர்கள் அப்போது வாங்கிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் போய் ஆடி, கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். அங்கே டீ போடுகிற ராமக்காள் ஒருநாள் திருமங்கலம் சந்தையில் என்னைப் பார்த்து, "அண்ணன் ரெண்டு டீ வாங்குறாரு, ஒண்ண அப்படியே வச்சுட்டுப் போறாரு," என்றாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

"ஹரி கூடத்தான் நடக்கிறான் கனகம். அங்கங்க செருமுறான். செருமுன இடத்துல நான் ஒண்ணக் கூட்டிக்கிறேன். எதை விட்டேன்னு தெரியாதப்ப வேற என்ன செய்யச் சொல்ற?"

மறுநாளே பாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டேன். மறுக்காமல் கட்டிக்கொண்டார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, பேய்க்குத்தானே கயிறு, ஹரி பேயா, அவன் என் மார்க்கர் என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

செருமலுக்குச் செருமல் ஒன்று கூட்டினால் தள்ளுபடி ஏறத்தானே செய்யும். ஏறியது. நோட்டீஸ் போர்டில் இவர் பெயருக்கு எதிரே இருந்த எண் மாதத்துக்கு மாதம் பெருத்தது. ஹரிராம் அண்ணன் கையெழுத்துப் போட்ட காலமெல்லாம் அசையாமல் இருந்த எண். இதற்குள் ஹரிராம் அண்ணன் வருஷத் திதி நெருங்கிவிட்டது. அவர் நினைவாக ஒரு கோப்பை வைக்கலாம் என்று மைதானத்தில் முடிவு பண்ணினார்கள். அவர் வீட்டார் மகிழ்ந்துபோய் வெள்ளி முலாம் பூசிய கோப்பை ஒன்றைச் செய்து, அதில் 'நேர்மையின் பெயர் ஹரிராம்' என்று எழுத்துப் பொறித்துக் கொண்டுவந்தார்கள். அவர் மகன் ஹரிஷ்குமார் கடையை மூடிவிட்டு பெங்களூர் வேலைக்குப் போய்விட்டான். ஊரில் அந்தப் பெயருக்கு மிச்சம் அந்தக் கோப்பைதான் என்று சீதாக்கா என்னிடம் சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கோப்பைக்காகத்தான் ஜெயபாண்டி கணக்கைக் கூட்டி எழுதுகிறார் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. பீமாராவ் என்று இவர் நினைத்தார். ஏனென்றால் ஹேண்டிகேப் கணக்கைப் பார்க்கிற பொறுப்பு இப்போது அவர் கையில் வந்திருந்தது. ஆனால் பீமாராவ் நேரில் வந்து மரியாதையாகத்தான் பேசினார். இனிமேல் தனி ஆட்டக் கார்டு செல்லாது, மார்க்கரோடு ஆடிய கார்டு கொடுங்கள், போட்டி அன்று காலையில் கமிட்டி உட்கார்ந்து பார்க்கும் என்றார். தப்பு என்று தெரிந்தால் போர்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கணக்கைத் தட்டிக் கேட்ட மனிதருக்கு இதைவிட ஒரு மூக்கறுப்பு உண்டா? அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை.

மார்க்கராக யார் வருவது? நான்தான் போனேன். மைதானத்தில் உறுப்பினராக இருந்தால் போதும், ஆடத் தெரிய வேண்டும் என்று இல்லை. குடும்பச் சந்தாவில் என் பெயரும் இருந்தது. விதிகளை மாடியில் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பந்தை அடிக்கும் எண்ணத்தோடு கம்பை வீசினால், பட்டாலும் படாவிட்டாலும் அது ஒரு அடி. அடிக்கும் எண்ணம் இல்லாமல் பதம் பார்க்கச் சும்மா வீசினால் அது கணக்கில்லை. "எண்ணத்த யாரு பாக்குறது?" என்று கேட்டேன். அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

முதல் நாள் நெருஞ்சி முள்ளைப் பார்ப்பதற்கே எனக்குக் கண் போதவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இவர் பாதையின் இடது ஓரமாகவே நடந்தார். வலது பக்கம் ஒரு ஆள் நடக்கிற இடம் எப்போதும் காலியாக இருந்தது. நான் அதில் போய் நடந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினார். எங்களுக்கு நடுவில் மறுபடியும் அந்த இடம் வந்துவிட்டது. காற்றில்லாத வெட்டவெளி. தூரத்தில் லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு நான் பின்னாலேயே நடந்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் அடியை எண்ணப் பழகினேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கல்லை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டேன். அப்படி எண்ணிக்கொண்டு போன ஒருநாள்தான் அந்தச் சங்கதி என் கண்ணில் பட்டது. ஒரு வேலிக்கருவைக்குக் கீழே பந்து கிடந்தது. குனிந்து நின்று இரண்டு மூன்று தடவை கம்பைச் சும்மா வீசிப் பார்த்தார். பிறகு கீழுதட்டைக் கடித்தார். மூச்சை அடக்கினார். வீசினார். கம்பு பந்துக்கு மேலே போய்ப் புல்லை வாரிக்கொண்டு வந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முன்னே வீசிப் பார்த்த மாதிரியே இதுவும் என்பதுபோல மறுபடியும் நின்று, மறுபடியும் உதட்டைக் கடித்து வீசினார். பந்து போயிற்று.

நான் இரண்டு கல் போட்டேன். அந்த உதடு எனக்குத் தெரியும். ஆணி அடிக்கும்போது கடிப்பார். ஊசியில் நூல் கோக்கும்போது கடிப்பார். எனக்குத் தாலி முடிச்சுப் போடும்போதும் அப்படிக் கடித்துக்கொண்டுதான் போட்டார். சும்மா ஒரு காரியம் செய்யும்போது கடிக்கமாட்டார். அந்த முதல் வீச்சு பதம் பார்த்தது இல்லை. பந்தைத்தான் அடித்தார், தவறிவிட்டது. தவறியது அவருக்கே தெரியவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் நடையை நிறுத்திக் கழுத்தை வலது பக்கம் சாய்த்துக் காது கொடுத்தார். "செருமிட்டான்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கார்டில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கடைசிக் குழிவரை கல்லைப் பொறுக்கிக்கொண்டு போனேன். உதடு கடித்துத் தவறிய இடங்களில் எல்லாம் கழுத்து வலது பக்கம் சாய்ந்தது. தவறாத இடத்தில் ஒரு தடவைகூடச் சாயவில்லை. முடிந்ததும் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து முந்தானையைப் பிரித்துக் கல்லை எண்ணினேன். அவர் கார்டில் எழுதியதும் என் கல்லும் ஒன்றாக வந்தது. அவர் செருமலைக் கேட்டு எழுதியது. நான் கண்ணால் பார்த்து எண்ணியது. ஹரிராம் அண்ணே, நீங்கள் நிஜமாகவே கூட நடக்கிறீர்களா என்று மனதுக்குள் கேட்டேன்.

சொல்லாமல் இருக்கிற ஜாதி இல்லை நான். அங்கேயே சொல்லிவிட்டேன். உதட்டையும் சொன்னேன், மூச்சையும் சொன்னேன், புல் பறந்ததையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பிறகு எழுந்துபோய் ஒரு புதருக்குக் கீழே பந்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்க்கச் சொல்லி அடிக்க ஆரம்பித்தார். சில தடவை பட்டது. ஒரு தடவை தவறியது. தவறிய கையோடு தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பல் பதிந்திருந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டு அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாருங்கள், நீங்கள் ஒன்றையும் கூட்டி எழுதவில்லை, கார்டு அத்தனையும் சரி, போய் அந்தப் பீமாராவிடம் சொல்லுங்கள், உங்கள் பெயர் தப்பித்தது என்று படபடவென்று பேசினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இது இன்னைக்கு நேத்துப் பழக்கமா கனகம்? ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் ஆடியிருப்பேன். அப்ப ஹரி போட்ட கையெழுத்தெல்லாம்?"

அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"உசுரோட இருக்கும்போதும் அந்த இடத்துலயெல்லாம் செருமுனான். நான் சளின்னு நெனச்சேன்."

கடையில் ஒரு விரற்கடை துணி குறைந்தால் பொறுக்காத மனிதர், இவர் மனம் நோகும் என்று வருடக்கணக்காகப் பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்றைக்கு இவர் பீமாராவைப் போட்டுக் கிழித்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தாங்காமல் வாய் வந்திருக்கிறது. அதையும் கோபம் தணியட்டும் என்று மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்.

போட்டிக்கு முன்னால் இன்னொரு நாள் போனோம். புதரோரம் இவர் வீசினார், தவறியது. இப்போது அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் கழுத்தைச் சாய்த்து நின்றார். வெகுநேரம் நின்றார். "கேக்கல," என்றார். "போயிட்டான்." கறுப்புக் கயிறு கட்டி விரட்டப் பார்த்தவள் நான், எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவர் ஒரு வருஷமாக அழாத அழுகையை அங்கே நின்று அழுததைப் பார்த்தபோது, ஐயோ, இன்னும் ஒரு தடவை செருமிவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது.

போட்டி நாள் வந்தது. கொட்டகையில் மேசை போட்டுக் கமிட்டி உட்கார்ந்தது. ஓரத்து நாற்காலியில் சீதாக்கா, மடியில் சுங்குடித் துணியில் சுற்றிய கோப்பை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் வீட்டுக்காரருக்கே கிடைக்க வேண்டும் என்று பெருமாளுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றார். அவருக்கு இந்த விசாரணை விஷயம் ஒன்றும் தெரியாது.

பீமாராவை ஒன்று சொல்லக்கூடாது, பழிவாங்குகிற முகமே இல்லை. தப்பிக்க வழியை அவரே எடுத்துக் கொடுத்தார். வயசாச்சு, கண் மங்கியிருக்கும், கை நடுங்கும், ஆட்டம் கெட்டிருக்கும், அப்படி இருந்தால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். இவர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணும் கையும் எப்போதும் போலத்தான் இருக்கின்றன, ஆட்டமும் மாறவில்லை என்றார். பீமாராவுக்குச் சங்கடமாகப் போயிற்று. ஆட்டம் மாறவில்லை என்றால் ஒரு கணக்குத்தானே சரியாக இருக்க முடியும்? ஒன்று ஹரிராம் சார் கையெழுத்துப் போட்ட பழைய கணக்கு, இல்லையென்றால் இந்தப் புதுக் கணக்கு என்றார்.

சீதாக்கா இன்னும் என் கையைப் பிடித்திருந்தார். புருஷன் பெயர் வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹரி கணக்குத்தான் சரி," என்றார் என் வீட்டுக்காரர். "நான் கூட்டி எழுதுனேன்."

ரோட்டில் ஆளில்லாத சிவப்பு விளக்குக்கு நின்ற மனிதர். எழுந்து, இவர் சொல்வது பொய், அடிக்கு ஒரு கல் போட்டு நானே எண்ணினேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பீமாராவ் என் பக்கம் திரும்பினார். கார்டில் மார்க்கர் கையெழுத்து என்னுடையது அல்லவா?

"நீங்க கூடவே நடந்தீங்களேம்மா. உங்க எண்ணிக்கை எம்புட்டு?"

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த முதுகைப் பார்த்தேன். ஒரே வருஷத்தில் எப்படி வளைந்துபோயிருந்தது! ஹரிராம் அண்ணன் அத்தனை வருஷம் எப்படி வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"நான் எண்ணல சார்," என்றேன். "அவரு சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

பீமாராவ் எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கார்டுகளை ஒதுக்கி வைத்தார். போர்டிலிருந்து இவர் பெயரை எடுக்க ஆள் போயிற்று. இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பைக் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார்.

நானும் எழுந்தேன். சீதாக்கா என் கையை எப்போதோ விட்டிருந்தார். கோப்பையைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு உங்க வீட்டுக்காரர அம்புட்டு நம்புனாரு கனகம்," என்றார்.

"ஆமாக்கா," என்றேன்.